மணலெழுத்தும் மெட்ராஸ் முறையும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஏறும் வகுப்புப் பிரிவு இல்லாததால், ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கிலேயே மணலில் விரலால் எழுதிப் பழகி, கை தேர்ந்த பிறகே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் மாறியது. சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். (கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் அங்கே வழங்கியமையால், அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை.) 1789இல் சென்னை எழும்பூரின் ஆண் அநாதைகள் காப்பகத்திற்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இத்தகைய பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு அதைக் கைக்கொள்ள விரும்பியபோது, தம் ஆசிரியர்கள் இணங்காமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அச்சேறிய அவரது அறிக்கைக்குப் பின், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த ‘மெட்ராஸ் முறை’ பிரிட்டனில் பரவியது; ஆனால் அங்கே புரவலர்களைக் கவர்ந்தது பிள்ளைக்குப் பிள்ளை கிடைத்த தனிக்கவனம் அன்று, ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்ற சிக்கனமே.