தற்காப்பு ஆட்டக்காரர் (கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்பந்து)

காற்பந்தில் தம் அணியின் கோல் முனைக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை முறிப்பவர் தற்காப்பு ஆட்டக்காரர். நடுவில் நிற்பவர் மத்திய தற்காப்பு ஆட்டக்காரர். ஓரங்களில் நிற்பவர்கள் வலப்புற, இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர்கள். கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, காஜாங் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பணிக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. அந்த வரலாற்றை எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. கோல் போட்டவரின் பெயர் பதிவேட்டில் நிற்கும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு அதில் பத்தி கிடையாது. 1975 மே மாதம் மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூர் அணி இங்கிலாந்தின் ஆர்சனலை 2–0 என வென்றது. இரண்டு கோலும் மொக்தார் டஹாரியுடையவை என்பது மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பூஜ்யம் யாருடையது என்று கேட்டால் பழைய ரசிகர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தோட்டமும் திடலும்

காற்பந்தை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதைப் பரப்பியதில் ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் பெரும் பங்கு உண்டு. காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டம் நாட்டில் வணிக முறையில் ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் ஒன்று. அங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடியுமுன் தொடங்கும் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். மாலையில் லயத்துக்கு எதிரே இருந்த திடலில் பந்து உருளும். செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்களும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளும் நகரத்துப் பக்கத்தில் ஆடினார்கள். கோலாலம்பூரில் 1914இல் தொடங்கப்பட்டு டிபிசிஏ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட தமிழர் சங்கம், ஜாலான் ராஜா மூடாவில் சொந்தத் திடலே வைத்திருந்தது.

இந்தத் திடல்களில் தற்காப்பு கௌரவமான வேலையாக இருக்கவில்லை. வேகமானவர்கள் முன்னால் போவார்கள். உயரமோ பருமனோ உள்ளவன் பின்னால் நிறுத்தப்படுவான். மாலை மழையில் ஊறிய தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும். கார்னர் உதையில் வரும் அந்தப் பந்தை நெற்றியில் வாங்கி வெளியே தள்ளினால், தையல் பட்ட இடம் சிவந்து வீங்கும். காலணி உள்ளவனும் இல்லாதவனும் ஒரே திடலில் மோதுவார்கள். பந்தை மட்டும் தொட்டுக் காலைத் தொடாமல் சறுக்கி எடுக்கும் கலை அங்கேதான் பழகியது. தப்பினால் அடி இருவருக்குமே.

மாநிலங்களுக்கு இடையிலான பெரிய போட்டி 1921இல் வந்தது. மலாயா என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் அன்பளிப்பாகத் தந்த கிண்ணத்துக்காக நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் 1–2 என்ற கணக்கில் சிங்கப்பூரிடம் தோற்றது. மறு ஆண்டே கிண்ணத்தை வென்றது. 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. 2015 வரை 33 முறை அதை வென்ற சிலாங்கூர்தான் போட்டியின் மிகப்பெரிய சாதனையாளர்.

தற்காப்பின் வடிவம் வெளியிலிருந்து வந்த விதிகளாலும் மாறியது. 1925இல் ஆப்சைட் விதி தளர்ந்ததும், நடுத்திடலில் திரிந்த சென்டர்-ஹாப் பின்னுக்கு இழுக்கப்பட்டு மூன்றாவது தற்காப்பு ஆட்டக்காரரானார். 1958இல் பிரேசில் நால்வரைப் பின்னால் நிறுத்தி உலகக் கிண்ணம் வென்றது. அதன்பின் உலகெங்கும் போல மலாயாவிலும் நால்வர் வரிசை நிலைபெற்றது.

சந்திரன் தலைமுறை

சிலாங்கூர் தற்காப்பில் தமிழர் பெயர் ஒன்று நாடு முழுவதும் ஒலித்தது எம். சந்திரனால். தேசிய அணியின் தலைவராகவும் இருந்த அவர் அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ஆடினார். அந்தக் காலத்தில்தான், 1967இல், பாங்காக்கில் நடந்த ஆசிய வெற்றியாளர் கழகப் போட்டியின் இறுதிவரை சிலாங்கூர் சென்று, இஸ்ரேலின் ஹபோயல் டெல் அவீவிடம் 1–2 எனத் தோற்றது.

1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் சையட் அகமட் தலையால் முட்டிய ஒரே கோலில் தென்கொரியாவை வீழ்த்தி, மலேசியா மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றது. கதை சொல்பவர்கள் அந்தக் கோலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோலுக்குப் பின் ஆட்டம் முடியும்வரை சொந்த மண்ணில் முட்டி மோதிய கொரியர்களைத் தடுத்தவர்களின் வேலை அதற்குக் குறைந்ததன்று. 1972இல் மியூனிக் சென்ற அணியின் பின்வரிசையில் சந்திரன், நமாட் அப்துல்லா, ஒத்மான் அப்துல்லா ஆகியோரோடு இளைஞரான சோ சின் ஆனும் இருந்தார். மேற்கு ஜெர்மனியிடம் 0–3 என்று தோற்றார்கள், அமெரிக்காவை 3–0 என்று வென்றார்கள், மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றார்கள். மூன்று ஆட்டங்களும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. மலேசியக் காற்பந்து ஒலிம்பிக் திடலில் இறங்கியது அந்த ஒரு முறைதான்.

சந்திரன் தலைமுறைக்குக் காற்பந்து சம்பள வேலை கிடையாது. வங்கி, காவல்துறை, மின்சார வாரியம், ரயில்வே, அரசு அலுவலகம் என்று ஏதோ ஒரு மேசையில் பகலில் இருந்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். நல்ல ஆட்டக்காரருக்கு மாநிலச் சங்கம் தந்த மிகப்பெரிய பரிசு நிரந்தர வேலைதான். இன்றைய ஆட்டக்காரர்களில் பலருக்கு அது பொறாமை தரலாம்.

சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம்

எழுபதுகளில் உருவான பின்வரிசையே நாட்டின் மிகச் சிறந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிலாங்கூர் அந்தப் பத்தாண்டில் 1971, 72, 73, 75, 76, 78, 79 என ஏழு முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. தேசிய அணி 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 1977, 1979 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுகளில் தங்கமும் பெற்றது.

சோ சின் ஆன் 1950இல் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். மலாக்காவுக்கு ஆடி, பிறகு சிலாங்கூருக்கு வந்தார். சக ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அவரைத் 'தவுக்கே' என்றே அழைத்தார்கள். திடலில் கடை முதலாளியைப் போலக் குரல் உயர்த்தாமல் எல்லாரையும் வேலை வாங்குவார். நாட்டுக்காக அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 195. உலக அளவிலேயே மிக அதிகம் ஆடியவர்களின் வரிசையில் வைக்கப்படும் எண்ணிக்கை இது. சந்தோக் சிங் 1952இல் பிறந்த பஞ்சாபியர், கோலாலம்பூர் வட்டாரத்துப் பிள்ளை, சிலாங்கூரின் மைந்தர். அந்தத் தலைமுறையின் பலரும் பர்ன்லி கிண்ணம் என்ற இளையோர் போட்டியில் கண்டெடுக்கப்பட்டவர்கள்.

இருவரும் ஒருவரையொருவர் நிரப்பினார்கள். சந்தோக் சிங் முன்னேறிப் போய் எதிராளியின் மேல் விழுவார். தாக்குதல் ஆட்டக்காரர் பந்தை வாங்கித் திரும்புவதற்கு இடமே தர மாட்டார். அவரைத் தாண்டிப் பந்து வந்தால் அது உருளப் போகும் இடத்தில் சோ சின் ஆன் ஏற்கெனவே நிற்பார். கடுமை ஒருவரிடம், கணிப்பு மற்றவரிடம். பந்து எங்கே போகும் என்பதை முன்கூட்டியே படித்துவிடுபவன் சறுக்கி விழ வேண்டியதில்லை. அதனால் சோ சின் ஆனின் ஆட்டத்தில் பார்வையாளர் கைதட்டும் தருணங்கள் குறைவு. நல்ல மத்திய தற்காப்பு ஆட்டக்காரருக்குப் புகழ் தாமதமாக வருவதற்கு இதுவும் காரணம்.

இவர்களுக்குப் பின்னால் கோல் முனையில் நின்றவர் ஆர். ஆறுமுகம். கோல் காவலரைத் தற்காப்பு ஆட்டக்காரர் என்ற தலைப்பில் சேர்ப்பது இலக்கணப்படி சரியில்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தச் சுவரைப் பற்றிப் பேச முடியாது. போர்ட் கிள்ளானில் 1953இல் பிறந்த அவருக்கு நீண்ட கைகள். 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டம் அப்படி வந்தது. உயரப் பந்துகளை அவர் பார்த்துக்கொண்டதால் முன்னால் நின்ற இருவரும் கோல் முனையை ஒட்டி ஒடுங்காமல் மேலேறி நிற்க முடிந்தது. கிள்ளான் வட்டாரத்தின் அன்றைய தமிழ் இளைஞர்களுக்கு அவர் யார் என்பதைப் புரிந்துகொள்ள, தைப்பூசக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த யாரும் நின்று பேசுவார்கள். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

1980 ஏப்ரலில், ஜெர்மானியப் பயிற்றுநர் கார்ல்-ஹெய்ன்ஸ் வெய்காங்கின் கீழ், சோ சின் ஆன் தலைமையில், மலேசியா மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றது. வெற்றிக் கோல் சபாவின் ஜேம்ஸ் வோங்கினுடையது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், அந்த அணி போகவே இல்லை. தாக்குதல் ஆட்டக்காரர்களுக்காவது உள்நாட்டில் கோல் எண்ணிக்கை மிஞ்சியது. பின்வரிசையினருக்கு உலக மேடையில் தம்மை அளந்துபார்க்கக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே அளவுகோல் பறிபோனது. 2016இல் சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா' திரைப்படம் இந்த நிகழ்வைத் தழுவியது. அதில் வரும் தமிழ்க் கோல் காவலர் பாத்திரத்தில் பலரும் ஆறுமுகத்தைக் கண்டார்கள்.

அதே 1980இல் மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூரை 2–1 என வென்றது சிங்கப்பூர். அந்த அணியின் தூணாக நின்ற சமத் அல்லாபிச்சையும் மத்திய தற்காப்பு ஆட்டக்காரரே.

சம்பளம் வந்த பிறகு

1989இல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் அது முழுத் தொழில்முறையானது. ஆட்டக்காரரின் வாழ்க்கை இந்த ஐந்தாண்டில் தலைகீழானது. அலுவலக மேசை போய் ஒப்பந்தம் வந்தது. கூடவே இறக்குமதி ஆட்டக்காரர்களும் வந்தார்கள்.

அடுத்து வந்தது அவமானம். 1994–95இல் ஆட்ட நிர்ணய ஊழல் வெளியானபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் விசாரிக்கப்பட்டனர். பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலர் நிரந்தரமாக விலக்கப்பட்டார்கள், சிலர் சொந்த ஊரிலிருந்து வேறு மாவட்டங்களுக்கே அனுப்பப்பட்டார்கள். இதில் பின்வரிசைக்குத் தனி இடம் உண்டு. கோல் போடுவதாக வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுவது கடினம். கோல் விட்டுக்கொடுப்பதற்கு அரை அடி தள்ளி நின்றால் போதும். அதன்பின் பல ஆண்டுகள், மழையில் வழுக்கி விழுந்த தற்காப்பு ஆட்டக்காரரையும் அரங்கம் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. நேர்மையாக ஆடியவர்கள் சுமந்த இந்தப் பாரத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

ரசிகர்கள் வெளியேறிய அந்தக் காலத்திலேயே சிலாங்கூர் 1995, 1996, 1997 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணம் வென்றது. பின்வரிசையின் நடுவில் நின்றவர் ஆஸ்திரேலியரான மெஹ்மட் துராகோவிச். வெற்றி பெரிது. ஆனால் எந்தச் சில இடங்களில் பணத்தைப் போட வேண்டும் என்ற பாடத்தையும் மற்ற அணிகளுக்கு அது கற்றுத் தந்தது. இறக்குமதி இடங்கள் சிலதான் என்றால், ஒன்று முன்னணித் தாக்குதலுக்கு, ஒன்று நடுத்திடலுக்கு, ஒன்று மத்திய தற்காப்புக்கு. அணியின் முதுகெலும்பு வெளிநாட்டவர் வசமானது. ஓரங்கள் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சின. சோ சின் ஆன், சந்தோக் சிங் போன்ற இணை அதற்குப் பின் ஏன் உருவாகவில்லை என்ற கேள்விக்குத் திறமைக் குறைவைக் காட்டுவது வழக்கம். எந்த இடங்கள் காலியாக விடப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பின் சிலர் பயிற்றுநரானார்கள், சிலர் தொலைக்காட்சிக்குப் போனார்கள். தற்காப்பு ஆட்டக்காரரான செர்பெகெத் சிங் நாடறிந்த விமர்சகராகி, ஒரு கட்டத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தின் ஆலோசகராகவும் இருந்தார்; 2022 ஜனவரியில் சைக்கிள் ஓட்டியபோது மயங்கி விழுந்து இறந்தார். மற்றவர்களுக்குக் கதை இவ்வளவு சீராக இல்லை. பழைய நிரந்தர வேலையும் இல்லை, புதிய ஒப்பந்தப் பணமும் ஒழுங்காக வரவில்லை. மாநிலச் சங்கங்கள் பலவற்றில் சம்பள நிலுவை வாடிக்கையானது.

ஓரத்துக்கு நகர்ந்தவர்கள்

எஸ். குணாளனின் வாழ்க்கை இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். நெகிரி செம்பிலான் அணியில் பெயர்பெற்ற அவர், வேகத்துக்குப் புகழ்பெற்ற வலப்புறத் தாக்குதல் ஆட்டக்காரர். கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி 2009 சீ விளையாட்டுத் தங்கத்தையும், இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4–2 என வென்று தென்கிழக்காசிய அணிகளின் 2010 சுசூகி கிண்ணத்தையும் கைப்பற்றியபோது அவர் அதில் ஆடினார். பிறகு சிலாங்கூர், அதன்பின் ஜொகூர் டாருல் தாக்ஸிம். ஜொகூரில் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்ததால் அவர் வலப்புறத் தற்காப்புக்கு நகர்ந்தார். 2015இல் ஏஎப்சி கிண்ணம் வென்ற முதல் மலேசியக் கழகம் அது. அந்த அணியில் குணாளனும் உண்டு. முப்பது வயதுக்குப் பிறகும் அவர் ஆட்டம் நீண்டதற்கு இந்த இடமாற்றமே காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

காஜாங்கை ஒட்டிய பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக அணி 2019இல் நாட்டின் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக் வரை வந்து, படித்துக்கொண்டே ஆடும் வழியொன்றைக் காட்டியது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. இதைவிட முக்கியமானது பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீபாவின் அணி கீழ்நிலையிலிருந்து ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. கே. தேவனும் பிறகு பி. மணியமும் பயிற்றுவித்த அந்த அணி, 2022இல் ஓர் இறக்குமதி ஆட்டக்காரர்கூட இல்லாமல் களமிறங்கியது. மற்ற அணிகளில் மாற்று இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூடிய உள்ளூர் இளைஞர்கள் வாராவாரம் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களை எதிர்கொண்டார்கள். அங்கே ஆடிய இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர் வி. ருவெந்திரன் தேசிய அணிக்கும் அழைக்கப்பட்டார். அந்த ஆண்டோடு கழகம் லீக்கிலிருந்து விலகியது.

தேசிய அணியோ வெளியிலிருந்து ஆட்டக்காரரைக் கொண்டுவரும் வழியில்தான் போனது. வெளிநாட்டில் பிறந்த, மலேசிய வம்சாவளி உள்ளவர்களைத் தேடி எடுக்கும் கொள்கை வலுத்தது. 2025 செப்டம்பரில், ஏழு ஆட்டக்காரர்களின் வம்சாவளி ஆவணங்கள் போலியானவை என்று ஃபிஃபா முடிவுசெய்து, அவர்களுக்கு 12 மாதத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் விதித்தது; சங்கம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த ஏழு பேரில் மூவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். அவர்களிலும் இருவர் நின்றது, ஒரு காலத்தில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்ற நடு இடத்தில்.