மீட்சித்தன்மை

விசைக்கு உட்பட்டு நீண்டோ அமுங்கியோ வளைந்தோ உருமாறிய திண்மப் பொருள், விசை நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இயல்பு. ரப்பருக்கு மட்டும் உரியது அன்று. எஃகுக்கும் கண்ணாடிக்கும் உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட எஃகுக் கம்பியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். எடையை எடுத்ததும் சுருங்கிவிடும்.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரம் எவ்வளவு சுமைக்கு முறியும் என்று கணக்கிட்டார். முறிவதற்கு முன் அது வளைவதை அவர் பொருட்படுத்தவில்லை. குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுவதாக வைத்துக்கொண்டதால், உத்தரத்துக்கு மூன்று மடங்கு வலிமை இருப்பதாகக் கணக்கு வந்தது. உண்மையில் அதன் மேற்பகுதி இழுபடும்போது அடிப்பகுதி அமுங்கும்.

உருமாற்றத்தையே அளக்கத் தொடங்கியவர் ராபர்ட் ஹூக். இருபது முதல் நாற்பது அடி வரை நீளமுள்ள கம்பிகளை ஆணியில் தொங்கவிட்டு, கீழே தட்டு கட்டி எடைகளை ஒவ்வொன்றாக வைத்தார். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டித்தது. சுருள்வில்லிலும் மரக்கோலிலும் அதுவே கண்டார். கடிகார வில்லுக்குக் காப்புரிமை பெறும் எண்ணத்தில் இதைப் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. 1676இல் வெளியிட்டபோதும் விதியின் 14 லத்தீன் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப்போட்டுப் புதிராகவே தந்தார். விடை வந்தது 1678இல்.

ஹூக்கின் விதி அந்தந்தக் கம்பிக்கும் வில்லுக்கும்தான் பொருந்தும். தடித்த கம்பிக்கு ஓர் எண், மெல்லிய கம்பிக்கு வேறோர் எண். பொருளுக்கே உரிய எண்ணைத் தேடியவர்களில் தாமஸ் யங் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் நிலைத்தது. அவரது 1807ஆம் ஆண்டு விளக்கம் படிப்போரைத் திணறடிக்கக்கூடியது. இத்தாலியரான ரிக்காட்டி 1782இலேயே இவ்வகைச் சோதனைகளைச் செய்திருந்தார். பரப்பால் வகுத்த விசையை, நீளத்தால் வகுத்த நீட்சியால் வகுப்பது என்று இன்று பாடநூல்களில் உள்ள வரையறை நேவியருடையது (1826). ஆகவே அந்த எண்ணுக்கு வழங்கும் யங் குணகம் என்ற பெயரில் நியாயம் கொஞ்சம் குறைவுதான். எஃகுக்கு அதன் மதிப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70.

பெரும் பாய்ச்சல் 1822இல் கோஷி செய்தது. திண்மத்தின் உள்ளே ஒரு புள்ளியின் வழியே கற்பனையாக ஒரு தளத்தை வெட்டினால், அதன் இரு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசையைப் பரப்பால் வகுக்கலாம், அதுவே தகைவு. அசையாத நீரில் இவ்விசை தளத்துக்குச் செங்குத்தாக மட்டுமே இருக்கும். திண்மத்திலோ சாய்வாகவும் இருக்கலாம். பாலங்களின் கணக்கு இன்றும் இதன்மேல்தான் நிற்கிறது.

மீட்சி எல்லையைத் தாண்டிய பொருள் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அணுப் பிணைப்பின் வலிமையைக் கொண்டு ஃபிரெங்கெல் 1926இல் கணக்கிட்டபோது, தூய உலோகப் படிகங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எளிதாக வளைந்துகொடுப்பது தெரிந்தது. படிக அடுக்கிலுள்ள கோட்டு வடிவப் பிழைகள் நகர்வதே காரணம் என்று 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே கூறினர். 1956இல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ், அலுமினியத் தகட்டில் அப்பிழைகள் நகர்வதை நேரிலேயே கண்டனர். செம்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் விறைத்துப்போவதற்கும், இப்பிழைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம்.