தொழிலாளரை உரோமைக்கு அழைத்துச் சென்ற முதலாளி



1889ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலிருந்து ஏறத்தாழ 10,000 தொழிலாளர் உரோமைக்குத் திருப்பயணம் சென்றார்கள். நாள் முழுவதும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்த எளிய மக்கள் அவர்கள். திருத்தந்தை 13ஆம் லியோ அவர்களை அன்போடு வரவேற்றார். அந்தப் பயணத்துக்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், ஓர் ஆலை முதலாளி. அவர் பெயர் லெயோன் ஆர்மெல்.

1829இல் பிறந்த ஆர்மெல், 1854இல் தம் தந்தையின் கம்பளி நூற்பாலையைப் பொறுப்பேற்றார். ரெய்ம்ஸ் நகருக்கு அருகே வால்-தெ-புவா என்னும் இடத்தில் அந்த ஆலை இருந்தது. அது தொழிலாளருக்குக் கொடிய காலம். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையே பிரான்சில் 1884இல்தான் சட்டமாயிற்று. இயந்திரம் பழுதானால் சரிசெய்வார்கள். மனிதர் நோயில் விழுந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள்.

ஆர்மெல் வேறு வழியில் நடந்தார். ஆலைக்கு அருகிலேயே குடியிருந்தார். தொழிலாளரின் குடும்பங்களை அறிந்திருந்தார். அவர்கள் அவரை ‘நல்ல தந்தை’ என்றே அழைத்தார்கள். ஆனால், நல்ல தந்தையாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்தார். வளர்ந்த மனிதருக்கு இரக்கம் மட்டுமல்ல, மதிப்பும் வேண்டும். தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்கள் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று அவர்கள் விரும்புவது நியாயம்தானே?

ஆகவே, பெரிய குடும்பம் உள்ளவர்களின் கூலி பற்றாமல் போனால் ஈடுசெய்ய ஒரு குடும்ப நிதியை 1891இல் ஏற்படுத்தினார். 1893இல், தொழிலாளரே தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்டு ஆலை மன்றம் ஒன்றை அமைத்தார். கூலி, விபத்து, ஒழுங்குமுறை போன்றவற்றை அவர்களோடு அமர்ந்து பேசினார். இது பல கத்தோலிக்க முதலாளிகளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் காலம் அவர் பக்கம் நின்றது. குடும்ப உதவித்தொகை 1932இலும், நிறுவனங்களில் தொழிலாளர் குழுக்கள் 1945இலும் பிரான்சில் சட்டமாயின.

அந்தப் பெரிய திருப்பயணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1891 மே 15 அன்று, ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலைத் திருத்தந்தை வெளியிட்டார். “கொடுத்த கூலிக்குச் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தான்” என்று முதலாளி கைகழுவிவிட முடியாது. சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைப்பதற்குப் போதுமானதாகக் கூலி இருக்க வேண்டும் என்பது அதன் போதனை. இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் இந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுற்றுமடலை ஒரு முக்கிய காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

அன்பர்களே, நம்மில் ஆலை முதலாளிகள் சிலரே. ஆனால் கடை வைத்திருக்கிறோம். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். பள்ளியிலும் அலுவலகத்திலும் பலருக்கு மேலே இருக்கிறோம். நம் தெருவைக் கூட்டுகிறவரின் பெயர் நமக்குத் தெரியுமா? வீட்டுவேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? துணிக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்ற நம் பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று சொல்ல, 2021இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. இதைச் சட்டம் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டுமா?

பாராட்டுவது நல்லதுதான். ஆண்டு விழாவில் சால்வை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம். ஆனால் சால்வையைப் போர்த்திவிட்டுச் சம்பளத்தை இழுத்தடித்தால், அது பாராட்டு ஆகாது. ஏழையின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. முதலில் நியாயமான கூலி, பிறகு காதுகொடுத்துக் கேட்பது, அதன்மேல் நன்றிச் சொல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலைக்கு வருகிறவர் மனிதராக மதிக்கப்படுகிறார். வேலை செய்யும் இடத்திலும் நிம்மதி இருக்கும்.

இந்த வாரம், நமக்காக உழைக்கும் ஒருவரிடமாவது, “உங்களுக்கு இங்கே என்ன சிரமம்?” என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். தச்சுப் பட்டறையில் உழைத்த நம் ஆண்டவர் அதற்கான மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.