கருமைக்கு எதிர் வெண்மையா?

கருமையும் வெண்மையும் ஒன்றுக்கொன்று எதிர் என்பது உலக வழக்கு. இரவும் பகலும், பாவமும் புண்ணியமும் என்று இணை இணையாகப் பேசும் இடமெல்லாம் இவ்விரு நிறங்களும் துணைக்கு வந்து நிற்கின்றன. ஜினாலயங்கள் பலவற்றில் தீட்டப்பெறும் ஆறு லேச்யைகளின் சித்திரமும் இவ்வழக்கிற்குச் சான்று கூறுவது போலவே தோன்றும். காட்டில் பசியோடு வரும் அறுவர் கனி நிறைந்த மரம் ஒன்றைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு வெட்டிச் சாய்க்க எண்ணுகிறான். மற்றொருவன் அடிமரத்தை, அடுத்தவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறுகிளையை, ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்க எண்ணுகிறான். ஆறாமவனோ நிலத்தில் உதிர்ந்து கிடப்பவையே போதும் என்கிறான். கோடரி ஏந்தியவன் கரிய மேனியனாகவும், உதிர்ந்த கனியைப் பொறுக்குபவன் வெள்ளை மேனியனாகவும் வரையப்படுகின்றனர். பாடசாலைக்கு வரும் பிள்ளை, அதிலும் கறுத்த பிள்ளை, இப்படத்தைக் கண்டு என்ன பாடம் கற்கும் என்று பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் ஆசாரியர்கள் அருளிய பாடம் அதுவன்று.

மனிதரை நிறத்தால் அறுவகையாகப் பிரித்தல் மகாவீரர் காலத்து மகத நாட்டில் ஏற்கெனவே வழங்கிய ஒன்று. ஆசீவகர் அதனை 'அபிஜாதி' என்றனர். பௌத்தரின் அங்குத்தர நிகாயம் பூரண காசியபரின் பெயரால் இப்பகுப்பை எடுத்துரைக்கிறது. விலங்கு கொல்வோர், வேடர், மீன் பிடிப்போர், கள்வர் முதலியோர் கரிய பிறப்பினர். ஆசீவகத் துறவியர் வெண் பிறப்பினர். மற்கலி கோசாலர் உள்ளிட்ட மூவர் மட்டும் அதனினும் மிக்க வெண்மையர். ஓராடை உடுத்த நிர்க்கிரந்தர்க்கு அப்பட்டியலில் சிவப்பே கிடைத்தது! தமிழில் மணிமேகலையின் 27-ஆம் காதையிலும் ஆசீவகர் கொள்கையாகக் கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை என்னும் ஆறு பிறப்புகள் கூறப்படுகின்றன. லேச்யைக்கும் இதற்கும் உள்ள உறவை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர்; 1951-இல் ஆசீவகர் வரலாற்றை எழுதிய பாஷாமும் அவருள் ஒருவர். பெயர்களையும் வரிசையையும் நோக்கினால் இரண்டும் உறவுடையனவே. எது முந்தியது என்பதைக் காட்டிலும், நம் முன்னோர் அவ்வரிசையை என்ன செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

அபிஜாதி, பிறப்பையும் தொழிலையும் கூட்டத்தையும் பற்றியது. ஒருவன் வலைஞனாயின் அவன் கரியவன், அவ்வளவே. லேச்யையோ அவனவன் எண்ணத்தைப் பற்றியது. கிருஷ்ணம், நீலம், கபோதம், பீதம், பத்மம், சுக்லம் என்னும் ஆறும் மனிதரிடத்து மாறி மாறி வருவன; நாற்பத்தெட்டு நிமிடத்திற்கு உட்பட்ட அந்தர்முகூர்த்தத்தில் ஒன்று நீங்கி மற்றொன்று புகும். காலையில் சுக்லத்தில் இருந்தவர் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தவுடன் கிருஷ்ணத்திற்கு இறங்குதல் நாம் அறியாததன்று. கூட்டத்திற்குக் குத்திய முத்திரையைப் பெயர்த்தெடுத்து, கணந்தோறும் மாறும் மனநிலைக்கு உரியதாக ஆக்கியது பெரியதொரு மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

இதனோடு அமையாது, லேச்யையை அவர்கள் இரண்டாகவும் பகுத்தனர். உடலின் நிறம் திரவிய லேச்யை. அது நாம கர்மத்தின் பயன். உள்ளத்தின் நிறம் பாவ லேச்யை. (இங்குப் 'பாவம்' என்பது எண்ணம்; தீவினை அன்று.) பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம் இவ்விரண்டையும் தனித்தனியே விரிக்கிறது. தேவர்க்கு உடலும் உள்ளமும் ஒரே நிறமாக இருத்தல் கூடும். மனிதர்க்கு அந்நியதி இல்லை. கரிய உடலில் சுக்ல லேச்யையும் சிவந்த உடலில் கிருஷ்ண லேச்யையும் தங்கலாம். சித்திரக்காரர் பாவ லேச்யையைக் காட்டுவதற்கு உடலைத் தவிர வேறு இடம் காணாமல் அதன்மேல் வண்ணத்தைப் பூசினார். காண்போர் அதனைத் திரவிய லேச்யையாகவே கொண்டுவிட்டனர்.

பாவ லேச்யைக்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் தரும் இலக்கணம் சாயத் தொழிலோடு நெருங்கியது. கஷாயத்தின் உதயத்தால் நிறமேறிய யோகச் செயலே லேச்யை என்கிறார். கஷாயம் என்பது கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு. அச்சொல்லின் முதற்பொருள் துவர்ப்பு. ஆல் முதலிய மரங்களின் துவர் பற்றச் செய்வது போலக் கோபம் முதலியன ஆன்மாவில் வினையைப் பற்றச் செய்கின்றன என்று அவரே விளக்குகிறார். ஆரணி வட்டாரத்தில் பிறந்த நமக்கு இவ்வுவமையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளுக்குக் கடுக்காய்த் துவர் ஊட்டிய பின்னரே சாயம் ஏற்றினர். துவர் இல்லையேல் சாயம் நீரோடு போய்விடும்.

இவ்வுவமையை இறுதிவரை தொடர்ந்தால் வியப்பான ஓரிடத்திற்கு வந்து சேர்வோம். சுக்லமும் ஒரு சாயமே. பதின்மூன்றாம் குணஸ்தானத்துச் சயோக கேவலிக்கும் சுக்ல லேச்யை உண்டு. அங்குக் கஷாயம் அறவே அற்றுப்போயினும் யோகம் எஞ்சி நிற்பதால் அப்பெயர் வழங்குகிறது. பதினான்காம் நிலையில் யோகமும் ஒழிய, லேச்யையும் ஒழிகிறது. சித்த பரமேஷ்டி வெண்மையானவர் அல்லர், நிறமே அற்றவர். ஆகவே நம் சித்தாந்தத்தில் கருமையின் மறுகரையில் வெண்மை நிற்கவில்லை. கருமையும் வெண்மையும் ஒரே கரையில் ஓர் ஏணியின் அடியும் முடியுமாக நிற்கின்றன. நிறமின்மை மட்டுமே அக்கரையில் உள்ளது.

இனி, புற உலகில் காணும் நிறம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் ஊறு, சுவை, மணம், நிறம் ஆகியவற்றைப் புத்கலத்தின் குணங்கள் என்கிறது. உரையாசிரியர் கருமை, நீலம், மஞ்சள், வெண்மை, சிவப்பு என நிறம் ஐந்தெனக் காட்டுவர். அடுத்த சூத்திரம் இருள், நிழல், வெயில், தண்ணொளி ஆகியவற்றையும் புத்கலத்தின் நிலைகளாகவே எண்ணுகிறது. இவ்விடத்தில் வைசேடிகர் மாறுபட்டனர். இருள் என்று ஒரு பொருள் இல்லை, ஒளியின் இன்மையே இருள் என்பது அவர் கொள்கை. நம்மவரோ இருளும் உள்பொருள், அது பார்வையைத் தடுப்பது, ஒளிக்கு மாறானது என்றனர். இன்றைய பௌதிகம் இவ்வழக்கில் வைசேடிகர் பக்கமே சாயும். ஆயினும் காண்பானின் நிலையிலிருந்து நோக்கினால் நம் ஆசாரியர் கூற்றிலும் உண்மை உண்டு. கருமையை நாம் வெறும் இன்மையாக உணர்வதில்லை. அதனை ஒரு நிறமாகவே காண்கிறோம்.

கண் எவ்வாறு காண்கிறது என்பதும் அக்காலத்தில் பெரு வழக்காயிருந்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றனர் நியாய வைசேடிகர். கண்ணும் மனமும் பொருளைத் தொடாமலே அறிகின்றன என்பது நம் கொள்கை. அதற்குப் பூஜ்யபாதர் கூறும் காரணம் எளிது: தொட்டால்தான் காணும் என்றால், இமையில் தீட்டிய மையைக் கண் கண்டிருக்க வேண்டுமே! தன்னையே தொட்டு நிற்கும் கருமையைக் கண் காண்பதில்லை.

சுவேதாம்பரர் போற்றும் பகவதி சூத்திரத்தில் வண்டினைப் பற்றிய வினா ஒன்று உண்டு. வண்டு என்ன நிறம்? விவகார நயத்தால் கருமை; நிச்சய நயத்தால் ஐந்து நிறமும் உடையது என்பது விடை. வெள்ளொளியில் எல்லா வண்ணமும் அடங்கியுள்ளதென நியூட்டன் 1672-இல் வெளியிட்ட முடிவோடு இதனை முடிச்சிட்டுப் பெருமை பேசுவோர் உளர். அது பொருந்தாது. அவர் முப்பட்டகக் கண்ணாடியால் ஒளியைப் பகுத்துக் கண்டார். இங்குக் கூறப்படுவது அணுக்களின் குணமும், ஒரு பொருளை ஒரே சொல்லால் முடித்துவிடலாகாது என்னும் அநேகாந்தமும் ஆகும்.

நிறம் தனித்து நில்லாது என்பதற்குத் தறியே தக்க சான்று. பாரிஸ் நகரத்து கோப்லான் நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் தலைவரான வேதியியலார் ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கிறது என்ற முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை இல்லை. நீலமும் ஊதாவும் பக்கத்தில் நின்றதால் அக்கறுப்பு வெளிறித் தோன்றியது. அவ்வாராய்ச்சி 1839-இல் நூலாயிற்று. பெரணமல்லூர்ப் பக்கத்து நெசவாளர் நூல் படிக்காமலே இதனை அறிவர். கரையின் நிறத்தை மாற்றினால் உடலின் நிறமும் மாறியதாகத் தோன்றும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாயின் மயில்கழுத்து போன்ற மூன்றாவது நிறம் பிறக்கும். (பட்டு அகிம்சைக்கு ஒக்குமா என்பது தனியே பேச வேண்டியது.) வெயிலில் கிடக்கும் கரித்துண்டு, நிலவில் விரித்த வெள்ளை வேட்டியைவிடப் பன்மடங்கு ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. எனினும் கரி கரியாகவும் வேட்டி வெள்ளையாகவுமே தெரிகின்றன. கண் ஒளியை அளப்பதில்லை. பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுகிறது.

மணமகள் தேடும் குடும்பங்கள் 'நல்ல நிறம்' என்று எழுதும்போதும் நடப்பது இவ்வொப்பீடே. அவர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் நிறம் என்ன? திகம்பர மரபில் சந்திரப்பிரபரும் புஷ்பதந்தரும் வெண்ணிறத்தவர். முனிசுவிரதரும் நேமிநாதரும் கருநீலர். பத்மப்பிரபரும் வாசுபூஜ்யரும் செந்நிறத்தவர். சுபார்சுவரும் பார்சுவரும் பசியர். ஏனைப் பதினாறு பேர் பொன்னிறத்தவர். வெண்மைக்கு இருவர், கருமைக்கும் இருவர். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் பாறையில் நிற்கும் சிகாமணிநாதர் அக்கரிய நேமிநாதரே. நீலகேசிக் காவியத்தின் தலைவிக்கும் கருங்கூந்தலே பெயராயிற்று. அவளே வைசேடிகர் உட்படப் பிற சமயத்தாரை வாதில் வென்றவள்.

ஆலயத் திருப்பணியின்போது சுவர்ச் சித்திரங்களைப் புதுப்பிக்கும் நிர்வாகிகள், லேச்யைச் சித்திரத்தின் அறுவருக்கும் ஒரே மேனி நிறம் தீட்டுமாறு ஓவியரிடம் சொல்லலாம். ஆறு வண்ணங்களையும் அவர்கள் உடுத்த ஆடைக்கு ஏற்றினால் போதும். ஆடை களையக்கூடியது என்பதைப் பிள்ளைகள் தாமே அறிவர்.