மிஷனுக்கும் அரண்மனைக்கும் நடுவே ஒரு கவிராயர்



நமது சபையில் கித்தார் வாசித்துத் தாமே பாடல் இயற்றும் வாலிபர் ஒருவர், "இதையே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா, ஐயா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன சரித்திரத்தை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம் புதுக்கோட்டைக்கு அடுத்த தஞ்சாவூரில் வாழ்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரிடம் பயின்றவர். சாஸ்திரியார் இளமையிலேயே மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார்.

1800இல் அவர் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்பது கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடிப்பாடப்பட்ட நாடகம். உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். குறவன் பறவை பிடிப்பான். அந்த அமைப்பை அப்படியே எடுத்துக் கிறிஸ்துவின் உலாவாகப் பாடினார். சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானநூலைக்கூட அதற்குள் சேர்த்துவிட்டார்! காலட்சேபமாக அவர் பாடியதைக் கேட்ட சபைகள் கவிராயர் என்று பட்டமளித்துப் போற்றின.

பிறகு புதிய மிஷனெரிகள் வந்தார்கள். சாஸ்திரியாருக்கும் அவர்களுக்கும் வழக்கு முற்றியது. 1829 அளவில் எழுதிய நூலில் தம் குறைகளை அடுக்கினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள்; ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை நீக்குகிறார்கள்; மங்கல காரியங்களில் பூவைத் தடுக்கிறார்கள். இவற்றை வாசிக்கையில் என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் அதே நூலில், சாதிகளை ஒன்றாய்க் கலக்கும்படி கட்டாயப்படுத்துவதையும் கொடுமை என்றே எழுதினார். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததை ஆட்சியரே நேரில் கண்டார் என்பதை நாம் அறிவோம்.

மிஷன் கைவிட்ட அவரைச் சரபோஜி தம் அவையில் ஆதரித்தார். அரசன் சைவன், கவிராயரோ கிறிஸ்துவையன்றிப் பிறரைப் பாடாதவர். இருந்தும் அந்த ஆதரவு நின்றது. இருவரும் ஒரே ஆசிரியரிடம் வளர்ந்தது காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம். 1832இல் சரபோஜி மறைந்தார். சாஸ்திரியார் அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1864 ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய பாட்டை வளர்ப்பு மகள் ஞானதீபம் கற்றுப் பாடினார். சந்ததியார் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

வாலிபர் கேட்டார்: "சாதியைப் பற்றி அப்படி எழுதியவருடைய பாட்டை நாம் பாடலாமா, ஐயா?" பாடலாம் என்றேன். ஆனால் அவர் பிரித்து உட்கார்த்த விரும்பியவர்கள் நம் ஆலயத்தில் முதல் வரிசையில் அமர்ந்தே அதைப் பாடவேண்டும் என்றேன். இப்போது அவர் சாஸ்திரியாரின் மெட்டு ஒன்றுக்குக் கித்தாரில் சுரம் தேடிக்கொண்டிருக்கிறார்.