உயிர் எப்படித் தோன்றியது? – ஓர் இலங்கையரின் தேடல்



“முதல் உயிர் எங்கிருந்து வந்தது?” என்று பிள்ளை கேட்டால், “சும்மா இரு, போய்ப் பாடத்தைப் படி” என்று அதட்டி விடுகிறோம். அந்தக் கேள்வியையே வாழ்நாள் பாடமாக்கிக் கொண்டவர் சிரில் பொன்னம்பெருமா.

1923-இல் இலங்கையின் காலி நகரில் பிறந்த அவர், 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்றார். தத்துவம் கேட்ட கேள்விக்கு வேதியியலில் விடை தேடி லண்டன் சென்றார். 1959-இல் மறுபடி பட்டம் வாங்கியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது! 1963-இல் அமெரிக்காவின் நாசாவில் சேர்ந்தார்.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பே வழி திறந்திருந்தது. 1953-இல் ஸ்டான்லி மில்லர் என்னும் அமெரிக்க மாணவர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலைப் போல மின்பொறி பாய்ச்சினார். சில நாளிலேயே புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் உண்டாயின.

1963-இல் பொன்னம்பெருமா குழுவினர் புற ஊதா ஒளியின் துணையால் ஏடிபி என்னும் பொருளை உண்டாக்கினர். ஏடிபி என்றால் என்ன தெரியுமா? பால்மரம் வெட்டும் கையும், செம்பனைக் குலை அறுக்கும் கையும் அசைவது அதன் சக்தியாலேதான்!

1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் விழுந்தது. அதிலே அமினோ அமிலங்கள் இருப்பதையும், அவை பூமியில் ஒட்டிய அழுக்கல்ல என்பதையும் அவருடைய குழு 1970-இல் எடுத்துக்காட்டியது.

பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்த தடயங்கள் பாறைகளில் உள்ளன. ஆதி உயிரணுக்கள் பாக்டீரியா, ஆர்க்கியா என இரு கிளைகளாகப் பிரிந்தன. பின்னர் ஓர் உயிரணுவுக்குள் ஒரு பாக்டீரியா புகுந்து, அங்கேயே குடியிருந்துவிட்டது. நம் உடம்பில் ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதன் வாரிசுதான். ரப்பர் இலையின் பச்சையமும் இப்படிக் குடிவந்த இன்னொரு பாக்டீரியாவின் சொத்தே. மரமும் மனிதனும் ஒரே ஆதிக் குடும்பம்!

பொன்னம்பெருமா 1994-இல் மறைந்தார். உயிரற்ற பொருள்களிலிருந்து ஓர் உயிரணுவை இன்றுவரை எவரும் உருவாக்கவில்லை. கேள்வி இன்னும் காத்திருக்கிறது.

பெற்றோர்களே, பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. பிள்ளையின் கேள்வியை அடக்காதீர்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். காலியில் பிறந்த பிள்ளை கேட்டதை நம் ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளையும் கேட்கட்டுமே!