கழுவக் கொடுத்த நினைவுகள்

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் பெட்டியில் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பினர். படம் பிடிப்பவர் ஒருவர், கழுவுபவர் மற்றொருவர் என்னும் வழக்கம் அவ்வாறு பரவிற்று.

1972இல் வந்த சி-41 முறை, வண்ணச் சுருளைத் தெருமுனைக் கடைக்கும் கொண்டுசேர்த்தது. ஆயினும் அதன் உருத்துலக்கிக்கு ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 3 நிமிடம் 15 வினாடியும் தவறாமல் வேண்டும். சிக்கனம் கருதி வலுவிழந்த கரைசலிலேயே கழுவினால் வண்ணம் திரியும். திருமண முகங்கள் வெளிறிய உறைகளைத் திறந்து பெருமூச்செறிந்தோர் நம்மில் பலர். கடைக்காரர் புதுச் சுருள் தரலாம். போன நாளைத் தர இயலுமா?

கோடாக்குரோம் சுருளைக் கழுவிய கடைசிக் கூடம், அமெரிக்காவின் பார்சன்ஸ் ஊரில், 2010 டிசம்பர் 30உடன் சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. ஒளிபட்ட சுருளில் கண்ணுக்குப் புலப்படாத படம் உறங்குகிறது. அதை எழுப்புபவரிடம் நாம் ஒப்படைப்பது சுருளை அன்று, நம்பிக்கையை.